மிக்கேல் திருநாளில் பூட்டிய படலை

இங்கிலாந்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தவர் சுவாம்பிள்ளைதான். ஐவி அம்மையாருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய் நாலு வருடமாகிவிட்டது. ஓரக்கண்ணால் ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது. எண்பத்தாறு வயதில் இத்தாலியில், பலெர்மோ நகரின் ஓரத்தில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில், மீன்பிடி வள்ளங்கள் கட்டும் துறைக்கு எதிரே, இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். சுவாம்பிள்ளை தினமும் விடிய எழும்பி நகரத்துக்குள் தான் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவிலிருந்து பஸ் பிடித்து வருவார். சமைப்பார், மருந்து கொடுப்பார், பேப்பர் வாசிப்பார், கடற்கரையோரம் கைபிடித்து நடத்திக்கொண்டு போவார். அவரை இத்தாலியர் மாதிரி மரியாதையாகச் ‘சிஞ்ஞோரா’, அம்மா, என்று கூப்பிடுவார். அம்மையாருக்கு அவர் வெறும் ‘சுவாம்’. இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அவசரமென்றால் நடுவில் இத்தாலியன் வந்து விழும். ஒன்பது வருடமாக இப்படி.

அது 2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். கடிதம் டன்வெல் என்ற ஊரிலிருந்து வந்திருந்தது. இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கிராமம். சிஞ்ஞோரா பிறந்து வளர்ந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஊர்ப் பண்ணைகளில் இத்தாலியக் கைதிகளை வேலைக்கு விட்டார்கள். அவர்களில் ஒருவர் பலெர்மோக்காரர், பெயர் நீனோ. போஸ்ட்மன் ப்ரீஸின் மகள் ஐவி, போர் முடிந்த பிறகு அந்த நீனோவையே கட்டிக்கொண்டு 1948இல் கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் போனதே இல்லை. நீனோ காலமாகியே பதினைந்து வருடம்.

கடிதம் எழுதியவர் கொலின் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரின் பழைய நினைவுகளைத் திரட்டிப் புத்தகம் போடப் போகிறோம், உங்கள் நினைவுகளும் வேண்டும் என்று தொடங்கியிருந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மேட்டுக் குடியிருப்பிலிருந்து தேவாலயத்துக்கு இறங்கிவரும் ஒடுங்கிய நடைபாதை, பழைய ஒழுங்கை ஒன்று உண்டு. அது போகும் பண்ணையை வாங்கிய புதுச் சொந்தக்காரர் முள்ளுக்கம்பி அடித்து வழியை மறித்துவிட்டார். அரசாங்க வரைபடத்தில் அந்த வழி இல்லை. இருபது வருடம் தடையில்லாமல் ஊர்ச்சனம் நடந்தது என்று நிறுவினால் அது என்றைக்கும் பொதுவழி. ஆனால் நடந்தவர்களில் உயிரோடு இருப்பது, தெரிந்தவரையில், நீங்கள் ஒருவர்தான்.

“எல்லோருமா போய்விட்டார்கள்?” என்று சிஞ்ஞோரா கேட்டார்.

“அப்படித்தான் எழுதியிருக்கிறார்.”

அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “கடதாசி எடு, சுவாம். பேனா வேண்டாம், பென்சில். நான் தடுமாறுவேன், நீ அழிக்க வேண்டிவரும்” என்றார்.

“அழிக்க மாட்டேன் சிஞ்ஞோரா. பேனாவே எடுக்கிறேன்” என்றார் சுவாம்பிள்ளை.

இலங்கையில், மன்னாரில், அவர் பதினாலு வருடம் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். அளவையாளர் வெளியில் எழுதிவரும் களப்புத்தகத்தைப் பார்த்துப் படம் கீறுவது அவர் வேலை. அந்தப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையென்றால் ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே பழையது வாசிக்கக் கூடியதாய் இருக்க வேண்டும். பலெர்மோவுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் தெருமுனைக் கடையில் கட்டம்போட்ட கொப்பி ஒன்று வாங்கி, முதற்பக்கத்தில் தேதி போட்டார்.

சிஞ்ஞோரா சொல்லத் தொடங்கினார். சுவாம்பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் ஞாபகம் பூவும் பறவையுமாக வரவில்லை. கால் வழியாக வந்தது. “இங்கே களிமண், சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். பிறகு மூன்று கல் ஏறி வேலியைத் தாண்ட வேண்டும், நடுக்கல் ஆடும். அதைத் தாண்டினால் சரிவு, வலதுபக்கம் ஒரு மரக்குற்றி. மழை நாளில் அப்பா தபால் பையை அதில் வைத்துவிட்டுக் காற்சட்டையை மடித்துவிடுவார்.” எண்பது வருடத்துக்கு முந்திய நிலத்தை உள்ளங்காலால் தடவித் தடவிச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். “அங்கே வேலி இருந்ததா?” என்று கேட்டால், “இருந்திருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் பார்க்கவில்லை” என்பார். எத்தனையோ காணி வழக்குகளில் எத்தனையோ சாட்சிகளின் வாக்குமூலங்களைக் கண்டவர் சுவாம்பிள்ளை. இப்படி ஒரு சாட்சி அந்தப் பதினாலு வருடத்தில் ஒரு நாளும் கிடைத்ததில்லை என்று வீட்டுக்குப் போய் மனைவி எமிலியானாவிடம் சொன்னார்.

தூரம்தான் சிக்கலாயிற்று. அடி, கெஜம் என்ற கணக்குச் சிஞ்ஞோராவிடம் இல்லை. “கல் ஏறின இடத்திலிருந்து ஓடைவரை இரண்டு ‘பரலோக மந்திரம்’ சொல்லும் தூரம். ஞாயிறு போகும்போது அம்மா சொல்ல வைப்பார்” என்றார். எட்டு வயதுப் பிள்ளையின் கால், இரண்டு மந்திரம். மறுநாள் சுவாம்பிள்ளை துறையோரம் இறங்கி, அடியைக் குறுக்கி, சின்னப்பிள்ளை மாதிரி நடந்து, வாய்க்குள் ஆங்கிலத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டு போனார். இரண்டாம் தரம் ‘ஆமென்’ சொன்ன இடத்தில் நின்று அளவு நாடாவைப் பிடித்தார். மாடியில் நின்று சிஞ்ஞோரா, “வேகம், வேகம்! எங்களுக்குப் பசி, நாங்கள் அப்படி ஆடியாடிப் போகமாட்டோம்!” என்று கத்தினார். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர், வயிற்றுக்குள் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரித்தார்.

ஏப்ரல் மாதத்துக்குள் ஒழுங்கையின் படம் வந்துவிட்டது. ஐந்து துண்டுத் தாள், ஒட்டினால் மேசை நீளம். அதோடு கொப்பியில் நாற்பத்தொரு பக்கம் வாக்குமூலம். முப்பத்துநாலாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது: ‘பண்ணைக்காரர் வாகன், ஒழுங்கையின் கீழ்முனையில் உள்ள மரக்கதவை, அந்தக் கீழ்ப் படலையை, வருடத்தில் ஒரு நாள் பூட்டி வைப்பார். மிக்கேல்மஸ் நாள்.’ தேவதூதரான மிக்கேல் சம்மனசுவின் திருநாள் என்றால் செப்டெம்பர் இருபத்தொன்பது. மன்னார்க் கத்தோலிக்கருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதியைத் தானே பக்கத்தில் எழுதினார்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் கொலின் தொலைபேசியில் வந்தார். முதலில் பாராட்டித் தள்ளினார். மூன்று கல் இருந்ததை எந்த வரைபடமும் சொல்லவில்லையாம். கொலின் போய்ப் பற்றையை வெட்டிப் பார்த்தபோது கல் மூன்றும் இருந்தனவாம், நடுக்கல் இன்றைக்கும் ஆடுகிறதாம். பிறகு குரலைத் தணித்தார்.

“முப்பத்துநாலாம் பக்கம். அதை விட்டுவிடலாமா? வருடத்துக்கு ஒரு நாள் பூட்டினால், வழியைத் தான் விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டத்தான் சொந்தக்காரர் பூட்டுவார். அந்த ஒரு நாள் போதும், வழக்கு போய்விடும். அந்த வரி யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் எனக்கும் தவிர.”

“கொப்பியில் இருக்கிறதே, ஐயா.”

“ஒரு தாள்தானே?”

சுவாம்பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. எமிலியானா கீரை ஆய்ந்துகொண்டே விசாரித்தாள். விஷயத்தைச் சொன்னார்.

“என்னப்பா, அந்த ஊர்ச் சனம் நடக்கிறதுக்கு ஒரு வழி கேக்குது. நல்ல காரியந்தானே. ஒரு வரியை விட்டால் என்ன குடியா முழுகிப்போகும்?”

“விடேலாது.”

“ஏன் விடேலாது? நீங்கள் இஞ்சை ஒரு வீட்டிலை வேலை செய்யிறியள். உங்கடை கந்தோர் அங்கை கிடக்கு. ஆர் வந்து பாக்கப்போறான்?”

“ஒருத்தரும் பாக்கமாட்டினம். அந்த மனிசி என்னை நம்பிச் சொன்னது. தனக்குப் பாதகமெண்டு தெரியாமச் சொல்லேல்லை, தெரிஞ்சுதான் சொன்னது. அதை நான் வெட்டினால், மிச்ச நாப்பது பக்கத்துக்கும் என்ன பெறுமதி?”

எமிலியானா கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “அப்ப அவவிட்டையே கேளுங்கோவன்” என்றாள்.

மறுநாள் கேட்டார். வரியை வாசித்துக் காட்டி, கொலின் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னார்.

“நான் சொன்னது உண்மை. இருக்கட்டும்” என்றார் சிஞ்ஞோரா.

“சிஞ்ஞோரா, ஒரு கேள்வி. நடந்து திரிந்த எல்லாவற்றையும் காலால் சொன்னீர்கள். படலை பூட்டினதை மட்டும் கேள்விப்பட்டவர் மாதிரிச் சொன்னீர்கள். நீங்கள் கண்டீர்களா?”

சிஞ்ஞோரா எழும்பி அறைக்குள் போய்விட்டார். அன்றைக்கு மதியம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். அடுத்த நாளும் ஒழுங்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நடக்கவும் வரமாட்டேன் என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று சுவாம்பிள்ளைக்கு உள்ளுக்குள் குத்தியது. மூன்றாம் நாள் காலை, கோப்பியை வைத்துவிட்டுத் திரும்பியவரை, “உட்கார், கொப்பியை எடு” என்றார்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான். டாம். ஆறு வயது. 1927இல் தொண்டை அடைப்பான் வந்தது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மேட்டுக் குடியிருப்பில் யார் செத்தாலும் அந்த ஒழுங்கையால்தான் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பெட்டி சின்னது, இருந்தாலும் நாலு பேர் பிடித்தார்கள், மரியாதைக்கு. கீழே வந்தால் படலையில் சங்கிலி. அன்றைக்கு மிக்கேல்மஸ் என்று ஒருவருக்கும் நினைவில்லை.”

சுவாம்பிள்ளை எழுதினார்.

“வாகன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொல்லாத மனிதர், எங்களுக்கெல்லாம் பயம். திறக்கவும் வரவில்லை, ஏசவும் இல்லை. அப்பா அவரிடம் போய்க் கேட்கவில்லை. பெட்டியைப் புல்லில் வைக்கச் சொன்னார். நாலு பேரும் படலையைப் பிணைச்சல் கீலிலிருந்து தூக்கி, கழற்றி, ஓரத்தில் கிடத்தினார்கள். பிறகு டாமைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அடக்கம் முடிந்து திரும்பும்போது அப்பா படலையை அப்படியே மாட்டிவிட்டார். சங்கிலியைத் தொடவில்லை.”

“அதற்குப் பிறகு?”

“அதற்குப் பிறகு பூட்டிக் கண்டதில்லை. இருபது வருடத்துக்கு மேல், நான் கப்பலேறும்வரை. மிக்கேல்மஸ் நாளில் நான் வேண்டுமென்றே போய்ப் பார்ப்பேன். திறந்துதான் கிடக்கும்.” பிறகு, “நீனோவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை” என்றார்.

சுவாம்பிள்ளை பேனாவை மூடிவிட்டு, படலையைக் கழற்றிய நாலு பேரின் பெயரைக் கேட்டார். நாலையும் சொன்னார். முப்பத்துநாலாம் பக்கத்து வரியில் கை வைக்காமல், ‘தொடர்ச்சி: பக்கம் 42’ என்று மட்டும் ஓரத்தில் குறித்துக் கையெழுத்து வைத்தார். கொலினுக்கு முழுக் கொப்பியின் பிரதியும் போயிற்று. கொலின் தேவாலயத்து அடக்கப் புத்தகத்தைப் பார்த்தார்: தோமஸ் ப்ரீஸ், ஆறு வயது, செப்டெம்பர் 29, 1927. அவர் அன்றைக்கே எழுதிய மறுமொழியில் மன்னிப்பும் இருந்தது.

விசாரணை மறுவருடம் அக்டோபரில் நடந்தது. டன்வெல் ஊர் மண்டபத்தில் அதிகாரி ஒரு பெண்மணி. சிஞ்ஞோராவால் பயணம் செய்ய முடியாது என்பதால் ஒலிபெருக்கித் தொலைபேசி வைத்திருந்தார்கள். பலெர்மோ வீட்டில் சுவாம்பிள்ளை அவருக்குச் சீவிமுடித்து, முத்து மாலை போட்டு, நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தார். “யாருக்கும் என்னைத் தெரியப் போவதில்லையே” என்று சிஞ்ஞோரா சிரித்தாலும் மாலையைக் கழற்றச் சொல்லவில்லை.

புதுச் சொந்தக்காரரின் வழக்கறிஞர் இனிமையாகத் தொடங்கினார். ஊரைவிட்டு எத்தனை வருடம் என்றார். ஐம்பத்தேழு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார்.

“என் ஞாபகத்தைச் சோதிக்கிறீர்கள். பாலில் தோய்த்த பிஸ்கட் இரண்டு. மூன்றாவதைச் சுவாம் ஒளித்துவிட்டார், சீனி கூடாதென்று.”

மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வழக்கறிஞர் சுவாம்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“நீங்கள் அந்த வீட்டு வேலைக்காரர்தானே?”

“ஆம். அதற்கு முன் பதினாலு வருடம் நில அளவைப் படவரைஞர்.”

“எங்கள் ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை.”

“எஜமானி விரும்பியதை எழுதிக்கொடுத்தீர்கள்.”

“அவர் விரும்பியதை எழுதியிருந்தால் முப்பத்துநாலாம் பக்கம் இருந்திராது, ஐயா.”

தொலைபேசியில் தாள் புரளும் சத்தம் கேட்டது. வழக்கறிஞர் அந்தப் பக்கத்தையே பிடித்துக்கொண்டார். பண்ணைக்காரர் வாகன் எழுதிய நாட்குறிப்பு பண்ணை வீட்டிலேயே கிடைத்திருக்கிறது, 1922 முதல் 1926 வரை ஒவ்வொரு மிக்கேல்மஸ் நாளிலும் ‘படலை பூட்டினேன்’ என்று இருக்கிறது, சாட்சியும் ஒப்புக்கொள்கிறார், மற்றபடி தம்பியின் கதை மனதைத் தொடுகிறது, ஆதாரம் இல்லை என்றார்.

அதிகாரி குறுக்கிட்டார். “1927 எங்கே?”

“எங்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் சமர்ப்பித்தோம்.”

“எனக்கு முழுவதும் தேவை.”

மதிய இடைவேளைக்குப் பிறகு நாட்குறிப்பு வந்தது. சிஞ்ஞோரா எழும்பவில்லை, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அதிகாரியே பக்கத்தைப் புரட்டி, மண்டபத்துக்கும் பலெர்மோவுக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘செப். 29. பூட்டினேன். ப்ரீஸின் பையனைக் கொண்டுவந்தார்கள். நான் திறந்துவிட்டிருக்க வேண்டும். அவர்களே கழற்றினார்கள். இனிப் பூட்டேன்.’

அதன் பிறகு வந்த எந்த வருடத்திலும் பூட்டியதாக ஒரு வரியும் இல்லை என்று அதிகாரி சொன்னார். சிஞ்ஞோராவுக்கு அது காதில் ஏறவில்லை.

“திறந்துவிட்டிருக்க வேண்டும் என்றா எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார்.

“ஆம், அம்மா.”

“வாகனா?”

“அவர் கைப்பட.”

சிஞ்ஞோரா தலையை ஆட்டினார், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதுபோல. சுவாம்பிள்ளை தொலைபேசியை எடுத்து, அவருக்குச் சற்று ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அப்பா சாகும்வரை அந்த மனிதருக்குக் கடிதம் கொடுக்கும்போது முகம் பார்த்துப் பேசியதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்” என்றார் சிஞ்ஞோரா. பிறகு, “அப்பாவும் கேட்டிருக்கலாம்” என்றார்.

தீர்ப்பு 2006 பெப்ரவரியில் வந்தது. ஒழுங்கை பொதுவழி. அரசாங்க வரைபடத்தில் சேர்க்க வேண்டும். கம்பியைச் சொந்தக்காரரே அகற்ற வேண்டும். அதிகாரி தன் முடிவில் இரண்டு வரி தனியாக எழுதியிருந்தார்: தனக்குப் பாதகமானதையும் மறைக்காத சாட்சி என்பதாலும், எதையும் அழிக்காத குறிப்பு என்பதாலும் இவற்றை முழுமையாக நம்புகிறேன் என்று. சுவாம்பிள்ளை அதை வாசிக்கும்போது இரண்டாவது வரியை வேகமாகத் தாண்டினார். “திரும்ப வாசி” என்றார் சிஞ்ஞோரா. திரும்ப வாசித்தார். “இன்னொரு தரம். உனக்காக” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எமிலியானாவும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வந்தாள். மூன்று பேரும் துறைக்குப் பக்கத்துக் கடையில் கணவாய் பொரியல் சாப்பிட்டார்கள். சிஞ்ஞோரா எமிலியானாவின் கையைத் தடவிப் பிடித்து, உன் புருஷனைப் போல ஒருவர் என் அப்பாவின் தபால் கந்தோரில் இருந்திருந்தால் ஒரு கடிதமும் தவறியிருக்காது என்றார். அவள் சுவாம்பிள்ளையைப் பார்த்து, “என்ன சொல்லுறா?” என்றாள். சுவாம்பிள்ளை கணவாயையே பார்த்துக்கொண்டு, “சாப்பாடு நல்லாயிருக்காம்” என்றார். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டு கணவாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

கோடைக்குள் ஊர்ப் புத்தகமும் வந்துவிட்டது. மேசை நீளப் படம் நடுப்பக்கத்தில் மடித்து ஒட்டியிருந்தது. கீழே ‘வரைந்தவர்: எம். சுவாம்பிள்ளை, பலெர்மோ’. புத்தகம் வெளியாகிச் சில கிழமையில் இங்கிலாந்தின் வேறோர் ஊரிலிருந்து ஒரு கடிதம். முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். படலையைக் கழற்றிய நாலு பேரில் ஒருவரான ஆல்பிரட் கோக், அவளுடைய அப்பாவின் அப்பா. அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆல்பிரட் இறந்துபோக, குடும்பம் டன்வெல்லை விட்டே போய்விட்டதாம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. புத்தகத்தில் அவர் பெயரைக் கண்டு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் அழுதார், அந்த மனிதரைக் கண்ணால் கண்டவர் நீங்கள் ஒருவர்தான், எப்படி இருந்தார் என்று எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டிருந்தாள்.

சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டார். சுவாம்பிள்ளை புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, தேதி போட்டுக் காத்திருந்தார்.

“குள்ளம்” என்றார் சிஞ்ஞோரா. “கோபக்காரர். தேவாலயத்தில் சுருதி தப்பிப் பாடுவார், எல்லோரையும் விட உரத்து. இதை எழுதலாமா?”

“எழுதுகிறேன், சிஞ்ஞோரா.”

“படலையில் அவர்தான் முதலில் கை வைத்தார். அப்பா இல்லை. அதை நான் முன்பு சொல்லவில்லை, என்ன?”

“இல்லை.”

“அப்படியென்றால் அதைத் தெளிவாக எழுது” என்றார். சுவாம்பிள்ளை குனிந்து எழுதத் தொடங்கினார்.